நீரடிமுத்து முதல் கார்போகரிசி வரை: தோலின் நிறம் மாறினால் எண்ணெய் தேய்க்கலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டிப் பாண்டிச்சேரி நோக்கிப் போனால் கடப்பாக்கம் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கு ஓரம், செய்யூர் வட்டம். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். 1760ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து இடித்துப் போட்ட கோட்டை அது. கோட்டையின் கதை இணையத்தில் நிறையவே கிடைக்கிறது. ஆனால் இதே மாவட்டத்தில், செங்கல்பட்டு ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள திருமணி என்ற இடத்தில், ஒரு எண்ணெயை வைத்து நடந்த நீண்ட சோதனையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச வேண்டிய கதை அது. ஏனென்றால் அந்தச் சோதனை இன்று ஒவ்வொரு வீட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது!

தோலில் நிறம் மாறினால் நம் ஊரில் முதலில் என்ன செய்வார்கள்? எண்ணெய் தேய்ப்பார்கள். தேமலா, வேப்பெண்ணெய். முகத்தில் மங்கா, தேங்காயெண்ணெயோடு ஏதாவது ஒன்று. வெள்ளைத் திட்டா, நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் ஒரு விதையைப் பொடித்து எண்ணெயில் குழைத்துத் தருவார்கள். சில நாளில் திட்டு மறைந்தால் எண்ணெய்க்குப் பெயர். மறையாவிட்டால் "சரியாகத் தேய்க்கவில்லை" என்று தேய்த்தவருக்குத்தான் கெட்ட பெயர். எண்ணெய் ஒருபோதும் தோற்பதில்லை!

அப்படியானால் ஒரு எண்ணெய் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆனது.

ஒரே பெயர், இரண்டு நோய்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். பழைய வைத்திய நூல்களில் குட்டம் அல்லது குஷ்டம் என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. தோல் நோய்கள் பலவற்றுக்கும் அதுதான் பொதுப்பெயர். ஆயுர்வேதம் 18 வகை குஷ்டங்களைச் சொல்கிறது. பின்னாளில் மக்கள் பேச்சில் அந்தச் சொல் தொழுநோய்க்கு மட்டும் உரியதாகிவிட்டது. ஆனால் தோலின் நிறமி செல்கள் அழிவதால் வரும் வெள்ளைத் திட்டுக்கு 'வெண்குஷ்டம்' என்ற பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது.

விளைவு என்ன? யாருக்கும் தொற்றாத, உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஒரு நிற மாற்றத்துக்குத் தொழுநோயின் பயம் முழுவதும் வந்து சேர்ந்தது. கல்யாணங்கள் நின்றன. பெண்கள் தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்று 'வெண்புள்ளி' என்ற சொல் பரவி வருவதற்குக் காரணம் இந்தப் பழைய பெயர் செய்த கெடுதல்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. தொழுநோய்த் திட்டு பெரும்பாலும் முழு வெள்ளையாக இருக்காது, தேமல் போல வெளிறியோ சிவந்தோ இருக்கும். அதைவிட முக்கியம், அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும். பஞ்சால் தொட்டால் தெரியாது, சூடு தெரியாது. நோய்க்கிருமி நரம்பைத் தாக்குவதுதான் காரணம். வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போயிருக்கும், தொடு உணர்ச்சி எல்லோருக்கும் போலவே இருக்கும்.

இந்த இரண்டு நோய்க்கும் நம் நாட்டு வைத்தியம் இரண்டு எண்ணெய்களை வைத்திருந்தது. ஒன்று நீரடிமுத்து எண்ணெய். இன்னொன்று கார்போகரிசி எண்ணெய்.

தவறான மரம்

நீரடிமுத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்தின் விதை. மலையாளத்தில் மரோட்டி என்பார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் துவரகம் என்ற பெயரில் வருகிறது. இதன் உறவுக்கார மரம் பர்மா, அஸ்ஸாம் பக்கம் வளர்கிறது. அதன் எண்ணெய்க்கு வங்காளத்தில் சால்மூக்ரா என்று பெயர்.

1854ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஃபிரெடரிக் மௌவாட் சால்மூக்ராவைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகுதான் மேற்கத்திய மருத்துவம் இந்த எண்ணெயைக் கவனித்தது. இதில் ஒரு வேடிக்கை நடந்தது. கடையில் விற்ற விதை எந்த மரத்துடையது என்பதையே தாவரவியலாளர்கள் தவறாகக் குறித்து வைத்திருந்தார்கள்! ஜைனோகார்டியா என்ற வேறொரு மரத்தின் பெயர் புத்தகங்களில் ஏறி, பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. அந்த மரத்தின் விதையில் சால்மூக்ரா அமிலமே கிடையாது. 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில்தான் டேவிட் பிரெய்ன் என்ற தாவரவியலாளர் சரியான மரத்தை அடையாளம் காட்டினார். மருந்து எது என்றே தெரியாமல் மருந்தைப் பற்றி அரை நூற்றாண்டு பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், அந்த எண்ணெயைக் குடிக்க முடியவில்லை. குமட்டலும் வாந்தியும் தாங்காமல் நோயாளிகள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஊசியாகப் போட்டால் கெட்டியான எண்ணெய் உடலில் பரவாமல் கட்டி கட்டியாக நின்று வலித்தது. 1904, 1905 ஆண்டுகளில் லண்டனில் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஃபிரெடரிக் பவரும் அவர் குழுவினரும் எண்ணெயிலிருந்த சால்மூக்ரிக் அமிலம், ஹிட்னோகார்பிக் அமிலம் இரண்டையும் பிரித்தெடுத்தார்கள். உடனே வியாபாரம் உள்ளே வந்தது. ஜெர்மனியின் பேயர் 'ஆண்டிலெப்ரால்' என்ற பெயரிலும், பரோஸ் வெல்கம் 'மூக்ரால்', 'அலெபால்' என்ற பெயர்களிலும் விற்றன. நாட்டு மருந்துக் கடை விதைக்கு சீசாவும் லேபிளும் கிடைத்தது.

ஆலிஸ் பால்

ஊசிப் பிரச்சினைக்கு நல்ல வழி கண்டவர் ஹவாய் தீவில் இருந்த ஒரு மாணவி. பெயர் ஆலிஸ் பால். ஹவாய் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவர்தான், ஆண்டு 1915. அப்போது அவருக்கு வயது 22! எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, உடலில் எளிதாகக் கலக்கும்படி செய்யும் முறையை அவர் கண்டுபிடித்தார். வெளியிடுவதற்கு முன்பே 1916 டிசம்பர் 31 அன்று இறந்துபோனார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்து தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். 1922ஆம் ஆண்டு ஹாரி ஹோல்மன் என்ற டாக்டர்தான் இது பால் கண்ட முறை என்று எழுதி வைத்தார். பல்கலைக்கழகம் தன் வளாகத்துச் சால்மூக்ரா மரத்தடியில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தது 2000ஆம் ஆண்டில்தான்.

1920ஆம் ஆண்டு ஹவாயிலிருந்து ஒரு செய்தி மருத்துவ இதழில் வந்தது. கலிஹி மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்ட 78 நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று. உலகம் துள்ளிக் குதித்தது. அமெரிக்க அரசு ஜோசப் ராக் என்ற தாவரவியலாளரைச் சயாம், பர்மா காடுகளுக்கு விதை தேடி அனுப்பியது. தொழுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

திருமணிக்கு வந்த எண்ணெய்

இதே காலத்தில்தான், 1924ஆம் ஆண்டு, திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயர். அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழுநோய் மிக அதிகம். கடற்கரை கிராமமோ உள்நாட்டு கிராமமோ, நோய் முற்றியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே பிடித்துக்கொண்டு போய் அடைக்கலாம்.

இங்கே முக்கிய மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ், எர்னஸ்ட் மூர் போன்றவர்கள் உருவாக்கிய ஊசி முறைகள் இந்தியா முழுவதும் பரவியிருந்தன. அதில் ஒரு முறை, திட்டு இருக்கும் இடத்திலேயே தோலுக்குள் சின்னச் சின்னதாக எண்ணெயைச் செலுத்துவது. ஒரு திட்டுக்கு எத்தனையோ குத்துகள். வாரா வாரம் வரிசையில் நின்று நோயாளிகள் இதை வாங்கிக்கொண்டார்கள். திட்டின் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. சிலருக்குத் திரும்பவும் செய்தது!

1935ஆம் ஆண்டு ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் இங்கே பொறுப்புக்கு வந்தார். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. கல்லூரிக்கும் முதல்வராக இருந்தவர். எண்ணெயை அக்கறையோடு பயன்படுத்தியவர். குழந்தைகளின் தொழுநோயைக் கவனிப்பதிலும் அவருக்குத் தனி ஆர்வம் இருந்தது. சென்னை சைதாப்பேட்டையில் அதற்காகவே சில்வர் ஜூபிலி குழந்தைகள் கிளினிக் இயங்கியது.

கணக்கில் விடுபட்ட பத்தி

நிறம் திரும்பியது என்றால் எண்ணெய் வேலை செய்தது என்றுதானே அர்த்தம்? அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஒரு கடையில் வரவை மட்டும் எழுதிக்கொண்டே போனால் எப்போதும் லாபம்தான் தெரியும். எண்ணெய்ச் சோதனைகளில் நடந்ததும் அதுதான். ஊசி போட்டவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எழுதினார்கள். ஊசியே போடாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? அந்தப் பத்தி காலியாகவே இருந்தது.

அது காலியாக இருந்ததால் மறைந்துபோன உண்மை ஒன்று உண்டு. தொழுநோயின் ஆரம்ப நிலை, அதிலும் ஒன்றிரண்டு திட்டுகளோடு நிற்கும் வகை, பலருக்குத் தானாகவே ஆறிவிடும். பிலிப்பைன்ஸின் கூலியன் தீவில் மருந்து இல்லாமலே கவனிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி லாராவும் நொலாஸ்கோவும் 1956ஆம் ஆண்டு எழுதினார்கள். ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு குழந்தைகளுக்கு நோய் தானாக அடங்கிவிட்டது. மருத்துவமனை எண்ணெய் ஊசிக்குத் தேர்ந்தெடுத்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆரம்ப நோயாளிகளைத்தான். நல்ல சாப்பாடும், புண்ணுக்குக் கட்டும், ஓய்வும் கூடவே கிடைத்தன. ஆறியது உடம்பு, பெயர் வாங்கியது எண்ணெய்.

இன்னொரு பக்கம், குணமானதாக அனுப்பப்பட்டவர்கள் சில ஆண்டுகளில் மறுபடி வாசலில் வந்து நின்றார்கள். நோய் முற்றிய வகையினருக்கு எண்ணெயால் பெரிய மாற்றம் இல்லை. 1930களிலேயே டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கையில் வேறு மருந்து இல்லை. வேறு மருந்து இல்லாதபோது சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எண்ணெய் முழுப் பொய்யா என்றால் அதுவும் இல்லை. 1975ஆம் ஆண்டு எலிகளில் செய்த ஆய்வில் சால்மூக்ரா அமிலங்கள் தொழுநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பது தெரிந்தது. நம் முன்னோர்கள் வெறும் கையை வீசவில்லை. ஆனால் கொஞ்சம் வேலை செய்யும் மருந்தை முழுதாக வேலை செய்யும் மருந்தாக நம்ப வைத்தது அந்தக் காலிப் பத்திதான்.

எண்ணெய் வண்டியான கதை

1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜெட் என்பவர் புரோமின் என்ற சல்ஃபோன் மருந்தைத் தொழுநோய்க்குச் சோதிக்கத் தொடங்கினார். நல்ல பலன். ஆனால் அதை நரம்பில் ஊசியாக ஏற்ற வேண்டும், விலையும் அதிகம். திருமணியில் வரிசையில் நிற்பவர்களுக்கு எப்படிக் கட்டும்?

புரோமினின் மூலப்பொருள் டாப்சோன். 1908ஆம் ஆண்டிலேயே தயாரிக்கப்பட்டது, மிகவும் மலிவு. ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1946ஆம் ஆண்டு காக்ரேன் அதைக் குறைந்த அளவில் எண்ணெயில் கலந்து, தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டுப் பார்த்தார். நோயாளிகள் தேறினார்கள். முற்றிய நோயாளிகளும் தேறினார்கள்! நச்சு என்பது அளவைப் பொறுத்தது என்று தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நைஜீரியாவில் ஜான் லோ டாப்சோனை மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். முன்பு மருந்தாக இருந்த எண்ணெய், மருந்தைச் சுமக்கும் வண்டியாகி, பிறகு அதுவும் தேவையில்லாமல் போனது.

1948ஆம் ஆண்டு ஹவானா நகரில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு சல்ஃபோன் மருந்துகளை ஏற்றுக்கொண்டது. 1955ஆம் ஆண்டு மத்திய அரசு திருமணி மருத்துவமனையையும் சைதாப்பேட்டை கிளினிக்கையும் எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது.

ஆனால் மருந்து வந்த வேகத்தில் மனம் மாறவில்லை. எம்.ஆர்.ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்' வெளிவந்தது 1954ஆம் ஆண்டு. தொழுநோயைப் பாவத்தின் தண்டனையாகக் காட்டி ஊரையே அழ வைத்த படம். அந்த நேரத்தில் செங்கல்பட்டில் நோய்க்கு மருந்து இருந்தது! அரசு ஆராய்ச்சி நிலையம் திறந்த அதே 1955ஆம் ஆண்டில்தான் இந்து திருமணச் சட்டமும் வந்தது. தீராத தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக அது எழுதி வைத்தது. அந்த வரியை நீக்க 2019 வரை ஆனது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் ரத்தானது.

கார்போகரிசியும் வெயிலும்

இப்போது இரண்டாவது எண்ணெய்க்கு வருவோம். கார்போகரிசி சின்னக் கறுப்பு விதை. வடக்கே பாகுசி, பாப்சி என்பார்கள். வெள்ளைத் திட்டுக்கு இதைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது மிகப் பழைய முறை. 1927ஆம் ஆண்டு கல்கத்தாவில் ராம்நாத் சோப்ராவும் சாட்டர்ஜியும் இந்த விதையின் சத்துக்களையும் மருத்துவ குணத்தையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1933ஆம் ஆண்டு ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கட ராவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள் இதிலிருந்து சோரலென் என்ற பொருளைப் பிரித்தார்கள். எகிப்தில் வேறொரு செடியிலிருந்து இதே குடும்பத்துப் பொருள் கிடைத்தது. அப்துல் மோனம் எல் மோஃப்டி 1940களின் இறுதியில் அதை வெண்புள்ளி நோயாளிகளிடம் சோதித்தார்.

வெயிலில் ஏன் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. சோரலென் தனியாக நிறத்தைக் கொண்டுவராது. தோலில் அது இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் நிறமி செல்கள் தூண்டப்படுகின்றன. மருந்தும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் வேலை. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், இந்தியாவில் பிறந்த மதுகர் பாதக் முதலியோர் இதை அளந்து கொடுக்கும் சிகிச்சையாக்கினார்கள். பூவா என்று பெயர். முதலில் சொரியாசிஸுக்குத்தான், பிறகு வெண்புள்ளிக்கும் பரவலானது.

'அளந்து' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. சோரலென் எவ்வளவு, கதிர் எத்தனை நிமிடம் என்ற கணக்கு தவறினால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். கடைச் சீசாவில் சோரலென் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கடப்பாக்கம் கடற்கரையின் மே மாத வெயில் எவ்வளவு என்றும் யாரும் அளப்பதில்லை. இரண்டு தெரியாத எண்களைப் பெருக்கினால் வரும் விடையைத் தோல்தான் சொல்ல வேண்டும்.

இன்று அதே விதை அழகு சாதனக் கடைகளுக்கு வந்துவிட்டது. 1966ஆம் ஆண்டு இந்திய விஞ்ஞானிகள் அந்த விதையில் அடையாளம் கண்ட பாகுசியால் என்ற பொருள்தான் காரணம். 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில் 44 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பாகுசியால் கிரீம், மற்றதற்கு ரெட்டினால் கிரீம், 12 வாரம். யாருக்கு எது என்று மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. இரண்டுமே சுருக்கத்தையும் நிறத் திட்டுகளையும் குறைத்தன, ரெட்டினாலில் எரிச்சலும் தோல் உரிதலும் அதிகம். சிறிய ஆய்வுதான். ஆனால் இதில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதே சமயம், சோதிக்கப்பட்டது சுத்தம் செய்யப்பட்ட பாகுசியால். கடையில் விற்கும் பாகுசி எண்ணெய் அல்ல. அதில் சோரலெனும் இருக்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இதை வாங்கி முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் மங்கு போகாது, புதிதாக ஒன்று வரும்.

தொட்டுப் பார்த்தால் போதும்

இரண்டு எண்ணெயின் கதையும் ஒன்றைத்தான் சொல்கிறது. இயற்கை என்பதால் ஒரு எண்ணெய் நல்லதும் ஆகிவிடாது, நாட்டு மருந்து என்பதால் கெட்டதும் ஆகிவிடாது. நீரடிமுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது இறங்கியது. கார்போகரிசி அளந்து பார்த்தபோது ஏறியது.

எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பதில் செலவாவது எண்ணெய் மட்டும் இல்லை. காலமும்தான். வெண்புள்ளியானால் சில மாதம் போனால் உயிர் போகாது. ஆனால் அது உணர்ச்சியற்ற தேமலாக இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்பு சாகிறது. மடங்கிப்போன விரல் மாத்திரையால் நிமிராது. 1981ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்து சிகிச்சையில் டாப்சோனும் ஒன்று. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.

ஆகவே உடம்பில் புதிதாக ஒரு திட்டு தெரிந்தால், எண்ணெய்ச் சீசாவைத் தேடும் முன் ஒரு துண்டுப் பஞ்சைத் தேடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது அந்த இடத்தில் மெல்லத் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தெரிந்தாலும் திட்டு மறையாமல் நின்றால், என்ன திட்டு என்று தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. எண்ணெய் எங்கேயும் போய்விடாது.